ட்ரம்ஸ் இல்லாமல் ஒரு றொக் அல்பம்: ஜார்ஸ் ஒவ் கிளேயின் முதல் தொகுப்பும் எங்கள் தமிழ்ப் பாடல்களும்

வெள்ளவத்தைக் கிற்றார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் உள்ள ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்தில் நான் கிற்றார் வாசிக்கிறேன். எங்களிடம் இரண்டு அக்கூஸ்டிக் கிற்றார்களும் ஒரு பழைய கீபோர்டும் பாடக்கூடிய நான்கு பேரும் இருக்கிறார்கள். ட்ரம்ஸ் வாசித்த தம்பி சென்ற வருடம் படிப்பதற்காக வெளிநாடு போய்விட்டான். நாங்களே எழுதிய ஏழு தமிழ்ப் பாடல்களை ஓர் அல்பமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று இரண்டு வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் போன பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது, ஏனென்றால் ட்ரம்ஸ் இல்லாத றொக் இசையை எங்களில் ஒருவராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஜார்ஸ் ஒவ் கிளே என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1995இல் வெளிவந்த அவர்களுடைய முதல் அல்பத்தைக் கேட்டேன். அந்தக் குழுவிலும் ட்ரம்ஸ் வாசிப்பவர் இருக்கவில்லை என்று அறிந்தபோது உண்மையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆள் இல்லாத குறையை அவர்கள் எப்படி ஓர் ஓசையாக மாற்றினார்கள்? எங்கள் மூப்பர் ஒருவர், "இதில் எந்தப் பாட்டைத் தம்பி ஞாயிறு ஆராதனையில் பாடுவீர்கள்?" என்று கேட்டார், அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

தம்பி, இந்த அல்பத்தைப் பற்றி ஒருவர் கேட்பதற்காக நான் ஏறக்குறைய முப்பது வருடங்கள் காத்திருந்தேன் என்றே சொல்லலாம். ஆகையால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996ஆம் ஆண்டு கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்த வருடத்தின் மின்வெட்டு மறந்திருக்காது. மழை பொய்த்து, மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பனின் அண்ணன் ஒருவர் கொடுத்த அல்பத்தை ஓர் அறுபது நிமிடக் கசெட்டில் பிரதி எடுத்து, இரண்டு பென்ரோச் பற்றரிகள் போட்ட வோக்மனில், இருட்டில் மொட்டைமாடியில் இருந்து கேட்டேன். முதற்பாட்டு 'லிக்விட்'. துறவிமடத்துக் குரல்களைப் போல ஓர் ஓதல் எழுந்து, அதன் அடியில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு தாளச்சுற்று வந்து சேரும். அதன் மேல்தான் கிற்றார் ஏறும். பழைய கோயிலும் புதிய வீதியும் ஒரே கதவால் உள்ளே வந்ததுபோல் இருந்தது. எட்டாவது பாட்டு 'ஃபிளட்', அதாவது வெள்ளம். ஊரே மழைக்காக மன்றாடிக்கொண்டிருந்த நாட்களில், நிற்காத மழையில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவன் தன்னைத் தூக்கிவிடும்படி கதறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த முரண் அன்று எனக்குள் செய்த வேலையை இன்றைக்கும் முழுதாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இனி உங்கள் முதற் கேள்விக்கு வருகிறேன். இல்லினோய் மாநிலத்தின் கிறீன்வில் கல்லூரியில் ஒன்றாகப் படித்த மாணவர்கள்தாம் இந்தக் குழுவைத் தொடங்கியவர்கள். டான் ஹேசல்டைன் பாடினார், சார்லி லோவெல் கீபோர்ட் வாசித்தார், ஸ்டீபன் மேசனும் மட் பிரான்லீவியும் கிற்றார் வாசித்தார்கள். ட்ரம்ஸ் ஆள் இல்லாததால் தாளத்தை இயந்திரத்தில் அமைத்து, அந்தச் சுற்றுகளின் மேல் மரக் கிற்றார்களை அடுக்கினார்கள். மாதிரிப் பதிவொன்றை அனுப்பி 1994இல் நாஷ்வில் நகரில் நடந்த கொஸ்பெல் இசைச் சங்கத்தின் போட்டியில் வென்றார்கள். அதன் பிறகு வாய்ப்புகள் தேடி வந்தன. படிப்பை முடிப்பதற்காக பிரான்லீவி விலகிக்கொள்ள, லோவெலின் பழைய நண்பரான மட் ஒட்மார்க் அவருடைய இடத்துக்கு வந்தார். கவனியுங்கள், உங்கள் தம்பியைப் போலவே ஒருவர் படிப்புக்காகப் போயிருக்கிறார், ஆனாலும் அல்பம் நிற்கவில்லை.

ட்ரம்ஸ் வாசிப்பவர் ஒருவர் இருந்திருந்தால் அந்த அல்பம் அக்காலத்து மற்ற நூறு அல்பங்களைப் போலவே ஒலித்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். தாளம் இயந்திரத்தில் ஒரே சீராக ஓடுவதால், கிற்றாரின் கைவீச்சே அதன் உயிராக வேண்டியிருந்தது. 'ஃபிளட்' பாட்டின் தொடக்கத்தில் கம்பிகளை வலக்கை அடிக்கும் வேகத்தை மட்டும் தனியே கேட்டுப் பாருங்கள். அங்கே தாளவாத்தியமே கிற்றார்தான்.

மட்டக்குளி பேஸ் எழுதியது:

கொட்டாஞ்சேனை அண்ணனின் அன்பை நான் மதிக்கிறேன், ஆனாலும் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதை றொக் அல்பம் என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்துப் பாடல்களில் 'ஃபிளட்' ஒன்றுதான் றொக் என்று சொல்லத்தக்க வேகத்தில் போகிறது. மற்றவை பெரும்பாலும் நாட்டார் பாங்கான கிற்றார்ப் பாடல்கள், வயலின் குடும்பத்து வாத்தியங்களால் போர்த்தப்பட்டவை. கிறிஸ்தவ றொக் என்ற மரபைப் பேசுவதானால் லாரி நோர்மன் 1969இல் கப்பிட்டல் நிறுவனத்துக்காகச் செய்த 'அபோன் திஸ் றொக்' அல்பத்திலிருந்து தொடங்க வேண்டும். பெட்ரா குழுவின் முதல் அல்பம் 1974இல் வந்தது. மின்கிற்றாரையும் பேஸ் கிற்றாரையும் சபைக்குள் கொண்டுவருவதற்காக ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள்.

அந்த இரண்டு பாடல்களைப் பற்றியும் ஒரு சொல் சேர்க்கிறேன். 'லிக்விட்', 'ஃபிளட்' ஆகிய இரண்டையும் தயாரித்தவர் கிங் கிரிம்சன் என்ற றொக் குழுவின் கிற்றார் கலைஞர் ஏட்ரியன் பெலூ. மற்றவற்றைக் குழுவினரே தயாரித்தார்கள். அல்பத்தில் துணிச்சலான ஓசை உள்ள இரண்டு பாடல்களும் வெளியிலிருந்து வந்த, அனுபவமுள்ள ஒரு காதின் கீழ் உருவானவை. ஆகவே தம்பிக்கு என் அறிவுரை என்னவென்றால், ஆள் இல்லாத குறையே வரமாகும் என்று நம்பிவிட வேண்டாம். உங்களைவிட நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

பெலூ விடயத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் குழுவினர் தாமே தயாரித்த 'வேர்ல்ட்ஸ் அபார்ட்' பாட்டை எங்கே வைப்பீர்கள்? தன் குற்றத்தைத் தானே அறிக்கையிடும் ஒருவனின் குரல் தாழ்வாகத் தொடங்கி, கடைசியில் பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மன்றாடும் அந்த இடத்தில் சத்தம் அதிகம் இல்லை. ஆனால் அதன் அழுத்தத்தை றொக் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சந்தம் எழுதியது:

நான் பம்பலப்பிட்டியில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு கற்பிக்கிறேன். நீங்கள் இருவரும் வாத்தியங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் தமிழில் பாடப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. தமிழ்ச் சொல் அந்தத் தாளத்தில் எப்படி உட்காரும் என்பதைப் பேசாமல் இந்த உரையாடல் முழுமை பெறாது.

ஆங்கிலத்தில் எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அந்த அசையை இசையில் நீட்டிக்கொள்ளலாம். சொல்லின் பொருள் மாறாது. தமிழில் அப்படிச் செய்ய முடியாது. குறிலை நீட்டினால் அது நெடிலாகி வேறு சொல்லாகிவிடும். எங்கள் சபைகளில் ஆங்கில மெட்டுக்கு எழுதப்படும் பாடல்களில் இதை வாரந்தோறும் கேட்கிறேன். 'உம் கரம் என்னைத் தாங்கும்' என்று எழுதியிருப்பார்கள். மெட்டு முதல் அசையில் நின்று நீள்வதால் பிள்ளைகள் 'காரம்' என்று பாடுவார்கள். 'மனம்' 'மானம்' ஆகும். 'விடுவித்தீர்' என்பது 'வீடுவித்தீர்' ஆகும். பாடுகிறவர்கள் மேல் பிழை இல்லை. மெட்டு அவர்களை அங்கே தள்ளிக்கொண்டு போகிறது.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகளை எங்கள் பாட்டிமார் மனப்பாடமாகப் பாடினார்கள் என்றால், அதற்குப் பக்தி மட்டும் காரணம் அல்ல. அவர் சொல்லின் எடையை அறிந்து எழுதினார். நல்ல கீர்த்தனையில் ராகம் தங்கி நீளும் இடத்தில் பெரும்பாலும் ஒரு நெடில் காத்திருக்கும். ஓடுகிற இடத்தில் குறில்கள் வரிசையாக ஓடும். வெள்ளவத்தைத் தம்பி ஜார்ஸ் ஒவ் கிளேயின் கைவீச்சைக் கற்றுக்கொள்ளலாம், தாளச்சுற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களுடைய மெட்டின் வளைவைத் தமிழுக்குள் அப்படியே கொண்டுவர வேண்டாம். ஏழு பாடல்களில் ஒன்றின் முதல் இரண்டு வரிகளை இங்கே எழுதுவீர்களா?

வெள்ளவத்தைக் கிற்றார் எழுதியது:

மிக்க நன்றி அக்கா. எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பாட்டின் பெயர் 'வெள்ளம்'. முதல் இரண்டு வரிகள் இவை:

வெள்ளம் வந்து வாசல் தொட்டது
உள்ளம் ஏனோ உறங்கிவிட்டது

இதில் 'வெள்ளம்' என்ற சொல்லின் முதல் அசையை நான் நான்கு தட்டுகளுக்கு நீட்டுகிறேன். நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு பாடிப் பார்த்தேன். நான் இதுவரை 'வேள்ளம்' என்றுதான் பாடிவந்திருக்கிறேன். இரண்டு வருடங்களாக எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

சந்தம் எழுதியது:

கவலைப்படாதீர்கள், உங்கள் வரிகள் நல்ல வரிகள். இரண்டாவது வரியில் 'ஏனோ' என்று இரண்டு நெடில்களை நீங்களே வைத்திருக்கிறீர்கள். முதல் வரியில் 'வா' இருக்கிறது. நீட்டலை அங்கே கொண்டுபோய் வையுங்கள். 'வெள்ளம் வந்து' என்பதை நீட்டாமல் விட்டு விட்டு அடியுங்கள், கதவைத் தட்டுவதுபோல, 'வா'வில் நில்லுங்கள். 'ள்ள' என்ற இரட்டிப்பே ஒரு தட்டு, தம்பி. தமிழில் வல்லினமும் இரட்டித்த மெய்யும் இருக்கும்போது ட்ரம்ஸ் இல்லையே என்று நீங்கள் ஏன் வருந்த வேண்டும்? 'தொட்டது', 'விட்டது' என்று வரி முடிகிற இடத்தில் 'ட்ட' விழுவதைக் கேட்டீர்களா? அந்த இடத்தில் கிற்றார்க் கம்பிகளை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள்.

நாற்பது நாள் எழுதியது:

நான் இங்கே பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவள். 'வெள்ளம்' என்ற தலைப்பைக் கண்டதால் எழுதுகிறேன்.

2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது நாங்கள் கொலன்னாவையில் இருந்தோம். வெளியே கொண்டுவர முடிந்தவற்றில் என் கைத்தொலைபேசியும் ஒன்று. உறவினர் வீட்டின் மேல்மாடியில் இருந்த நாட்களில் 'ஃபிளட்' பாட்டைக் கேட்டேன். அதற்கு முன் அது எனக்குத் துள்ளலான ஒரு பாட்டு, அவ்வளவுதான். அன்றைக்கு அதன் நடுப்பகுதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வேகம் முழுவதும் அடங்கி, வயலின்களின் மேல் குரல் மெதுவாக வந்து, கண்ணில் நிற்கும் புயலை அடக்கும்படி கேட்கும் இடம் அது. பிறகு பழைய வேகம் திரும்பி வரும். தண்ணீர் வடிந்த பின் வீட்டுக்குள் நுழைந்தபோது, இடுப்பளவு உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஒரு சேற்றுக்கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே நாட்காட்டி அப்படியே தொங்கியது. தம்பி, உங்கள் பாட்டில் தண்ணீர் வாசலைத் தொடுவதோடு நிற்கிறதா, உள்ளே வருகிறதா? உள்ளே வந்தால், அது வடிந்த பிறகு என்ன இருந்தது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். எங்கள் சபைப் பாடல்களில் வெள்ளம் வரும், கர்த்தர் காப்பாற்றுவார், பாட்டு முடிந்துவிடும். சேற்றைக் கழுவுகிற கிழமைகளைப் பற்றி யாரும் பாடுவதில்லை.

உங்கள் மூப்பரின் கேள்விக்கும் எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது. அந்த அல்பத்தில் 'ஹீ' என்று ஒரு பாட்டு இருக்கிறது. வீட்டுக்குள் அடிவாங்கும் பிள்ளையைப் பற்றியது. அதை ஞாயிறு காலையில் எல்லோரும் எழுந்து நின்று பாட முடியாது, பாடவும் கூடாது. ஆனால் அந்தப் பிள்ளை ஞாயிறு காலையில் நம் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு பாட்டு வேண்டாமா?

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

சகோதரி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நன்றி.

மூப்பரை எதிரியாகப் பார்க்க வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்ல விரும்புகிறேன். அவருடைய கேள்வி நியாயமானது. 'லவ் சோங் ஃபோர் எ சேவியர்' போன்ற ஒரு பாட்டைச் சபையாகச் சேர்ந்து பாடலாம். அதன் பல்லவி ஒரு பிள்ளை சொல்லக்கூடிய அளவுக்கு எளிமையானது. 'லிக்விட்' சிலுவையின் முன் நின்று கேள்வி கேட்கிறது. அது தனியே இருந்து கேட்பதற்குரிய பாட்டு. ஒரே அல்பத்தில் இரண்டும் இருக்கின்றன, இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. வெளியே நடந்ததையும் பாருங்கள். கிறிஸ்தவ நிறுவனம் ஒன்று வெளியிட்ட அல்பத்திலிருந்து 'ஃபிளட்' பொது வானொலிகளுக்குப் போய், அமெரிக்காவின் பில்போர்ட் சஞ்சிகையின் நூறு பாடல்கள் பட்டியலில் 37ஆம் இடம்வரை ஏறியது. அந்த அல்பம் அமெரிக்காவில் இருபது இலட்சம் பிரதிகளுக்கான இரட்டைப் பிளட்டினம் சான்றைப் பெற்றது. கோயில் வாசலைத் தாண்டாதவர்களின் காதுக்கு அந்தப் பாட்டு எப்படிப் போயிற்று என்று மூப்பரிடம் மரியாதையாகக் கேளுங்கள், அவரும் யோசிப்பார்.

குழுவின் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது 2 கொரிந்தியர் 4:7இலிருந்து வந்தது. நம் வேதாகமத்தில் 'மண்பாண்டங்கள்' என்று வருகிறதே, அந்த வசனம். பத்தாவது பாட்டான 'பிளைண்ட்' முடிந்த பிறகு, அட்டையில் அச்சிடப்படாத ஒரு பாட்டு இறுவட்டில் ஒளிந்திருக்கிறது. அதன் பெயரே 'ஃபோர் செவன்', அதாவது நான்கு ஏழு. என் பழைய கசெட்டின் பக்கம் அதற்கு முன்பே முடிந்துவிட்டதால், பல வருடங்களாக அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் இறுவட்டைப் போட்டுவிட்டு, பாட்டு முடிந்துவிட்டது என்று எண்ணிச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். அமைதியாக இருந்த அறையில் திடீரென்று அந்தக் குரல் மறுபடி வந்தது. ஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

மட்டக்குளி பேஸ் எழுதியது:

றொக் என்ற சொல்லைப் பற்றிய என் வாதத்தை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேன். சந்தம் அக்கா சொன்ன இரட்டித்த மெய்யைப் பற்றி எந்த றொக் வரலாற்றிலும் நான் வாசித்ததில்லை. பதிவைப் பற்றிச் சில நடைமுறைக் காரியங்களைச் சொல்கிறேன்.

தாளச்சுற்றைக் கணினியில் அமைப்பதாக இருந்தால், முதலில் பாட்டைச் சுற்று இல்லாமல் கிற்றாரும் குரலும் மட்டுமாகப் பத்துத் தடவை பாடி, உங்களுக்கு இயல்பாக வரும் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பலர் இயந்திரத்தில் ஒரு வேகத்தை வைத்துவிட்டு அதற்குள் தங்களைத் திணிக்கிறார்கள். ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் வீட்டு அறையே போதும்; உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதற்கு முகம் கொடுத்துப் பாடினால் எதிரொலி குறையும். ஆனால் நீங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். உங்கள் வீடு கடற்கரைப் பக்கமா, காலி வீதிப் பக்கமா? கடற்கரைப் பக்கமானால் புகையிரத நேரசூசியைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு பதிவுசெய்யுங்கள். பேஸ் தேவைப்பட்டால் நான் வருகிறேன், பணம் ஒன்றும் வேண்டாம்.

வெள்ளவத்தைக் கிற்றார் எழுதியது:

மூன்று கிழமைகளாகப் பதில் எழுதாததற்கு அனைவரும் மன்னிக்க வேண்டும். எழுதுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

நேற்று இரவு 'வெள்ளம்' பாட்டின் முதற் பதிவை எடுத்தோம். மட்டக்குளி அண்ணன் தன் பேஸோடு பஸ்ஸில் வந்தார். வீடு கடற்கரைப் பக்கம்தான். கடைசிப் புகையிரதம் போகும்வரை காத்திருந்து தொடங்கினோம். கணினியில் தாளச்சுற்று அமைக்கவில்லை. அக்கா சொன்னபடி 'தொட்டது' வரும் இடத்தில் கம்பிகளை உள்ளங்கையால் மூடியபோது கிடைத்த ஓசையே போதுமானதாக இருந்தது. என் தங்கை மட்டும் பல்லவியில் தம்புரீனைக் கையால் அல்லாமல் முழங்காலில் மெதுவாகத் தட்டினாள். நீட்டலை 'வாசல்' என்ற சொல்லுக்கு மாற்றியதும் பாட்டின் மெட்டே வேறாகிவிட்டது. முன்பு எந்தப் பாட்டைப் போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அதைப் போல அது இப்போது இல்லை.

நாற்பது நாள் அக்கா கேட்டதற்காக மூன்றாவது சரணம் ஒன்றை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் கண்டதை நீங்கள் அனுமதித்தால் மட்டுமே பாடுவேன்:

சுவரில் நின்றது சேற்றுக் கோடு
மேலே நாட்காட்டி மே மாதத்தோடு

இரண்டாவது வரியில் 'நாட்காட்டி' சற்று இறுக்கமாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. சந்தம் அக்கா பார்த்துச் சொல்ல வேண்டும். மூப்பரையும் பதிவுக்கு அழைத்திருந்தேன். அவர் வந்து, மூலையில் ஒரு கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டார். முடிந்ததும், மூன்றாவது சரணத்தை இன்னொரு தடவை பாடும்படி சொன்னார். பாடினோம். ஆராதனையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இரவு இரண்டாவது பாட்டை எடுக்கிறோம்.

நாற்பது நாள் எழுதியது:

பாடுங்கள், தம்பி. ஒரு திருத்தம் மட்டும்: அந்த நாட்காட்டியில் நாங்கள் ஏப்ரல் மாதத் தாளைக் கிழிக்காமலே விட்டிருந்தோம்.